உலகநாதன் படிக்காத காகிதம்

உலகநாதனுக்கு மூளை அதிகம். அதை மற்றவர்கள் கண்டுபிடித்துச் சொல்லட்டும் என்று அவன் ஒருநாளும் காத்திருந்ததில்லை. ஐதராபாத்தை அடுத்த ராமச்சந்திராபுரத்தில் ஒரு கனரக இயந்திரத் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் பிரிவில் சீனியர் அசிஸ்டென்ட். பதவி அவ்வளவுதான். ஆனால் லீவு விதி, மருத்துவ விதி, பயணச் சலுகை விதி எல்லாம் அவனுக்கு மனப்பாடம். மனு எழுத வேண்டுமென்றால் பாதித் தொழிற்சாலை அவன் மேஜைக்குத்தான் வரும். பொருள், பார்வை, இணைப்பு என்று வரிசையாகப் போட்டு அவன் எழுதிய மனுவைப் படித்தால், கேட்டதைக் கொடுக்காவிட்டால் தன் வேலைக்கே ஆபத்து வருமோ என்று அதிகாரி யோசிப்பார். "வெறும் வாயால சொன்னா எவன் நம்புவான்? காகிதத்தை வைக்கணும்வே" என்று மனு கேட்டு வருகிறவர்களுக்கு உபதேசம் வேறு செய்வான்.

இவ்வளவு மூளை உள்ளவனுக்கு ஏன் ஒரு காரியமும் ஒழுங்காக முடியவில்லை என்பது அவனுக்கே புரியாத விஷயம். செகந்திராபாத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து போன காலத்தில், எந்த ஜன்னலோரத்தில் வெயில் படாது என்று ஒரு வாரம் ஆராய்ச்சி செய்து ஓர் இருக்கையைப் பிடித்தான். சண்டை போட்டுத் தன் பெயருக்கு அதை நிரந்தரமாக்கியும் கொண்டான். அடுத்த மாதம் புதுப் பஸ் வந்தது. எஞ்சின் சூடு முழுக்க அந்த இருக்கைக்கு அடியில்தான் வந்தது. இன்னொரு தடவை ஞாயிற்றுக்கிழமையோடு சேர்ந்தாற்போல் மூன்று நாள் ஓய்வெடுக்க ஆசைப்பட்டு, வயிற்றுப்போக்கு என்று டாக்டரிடம் சீட்டு வாங்கிக் கொடுத்தான். அதே மூன்று நாளும் ஊரில் பந்த், தொழிற்சாலையே திறக்கவில்லை. எல்லோருக்கும் சும்மா கிடைத்த விடுமுறை இவனுக்கு மட்டும் லீவில் கழிந்தது. சீட்டு பொய் என்று மனைவியிடம் சொல்லாததால், மூன்று நாளும் அவள் கஞ்சியைத் தவிர வேறெதுவும் கண்ணில் காட்டவில்லை.

இதையெல்லாம் அவன் துரதிர்ஷ்டம் என்பான். மனைவி கனகவல்லி வேறொரு வார்த்தை சொல்வாள். அது இங்கே வேண்டாம். அந்தக் கனகவல்லியையே அவன் ஒரு தடவை தன் மூளையால் தொலைக்கப் பார்த்தான்.

உலகநாதனுக்குப் பூர்வீகம் அம்பாசமுத்திரம். வேலை கிடைத்து ஐதராபாத்துக்கு வந்து பதினான்கு வருஷம் ஆகியும் பேச்சில் தாமிரபரணி வாடை போகவில்லை. கனகவல்லி உறவுக்காரப் பெண்தான் என்றாலும் பிறந்து வளர்ந்தது செகந்திராபாத், ரெஜிமெண்டல் பஜார். அவளுடைய தாத்தாவின் அப்பா வெள்ளைக்காரன் பட்டாளத்துக்குச் சாமான் சப்ளை செய்ய வந்து, அப்படியே தங்கிவிட்டவர். அவள் படித்தது தெலுங்கு பள்ளிக்கூடம். வீட்டில் பேசும் தமிழில் ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஏன் என்பதற்குக் கைக்கு என்று ஐதராபாத் உருது தாராளமாகப் புழங்கும். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். தெலுங்கு வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளோ அவளுக்குக் காப்பி மாதிரி, இல்லாவிட்டால் தலை வலிக்கும். உலகநாதனுக்கும் தெலுங்கு நன்றாகப் பேச வரும். மார்க்கெட்டில் சண்டை போடும் அளவுக்கு வரும். ஆனால் எழுத்து தெரியாது. ஜாங்கிரி பிழிந்து வைத்த மாதிரி இருப்பதையெல்லாம் உட்கார்ந்து படிக்க முடியாது என்பது அவன் கட்சி. பஸ்ஸை எண் பார்த்து ஏறிவிடலாம், மற்றதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று பதினான்கு வருஷத்தை ஓட்டிவிட்டான்.

அவர்கள் செகந்திராபாத்தில் குடியிருந்த வாடகை வீடு இரண்டாம் மாடியில். தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் கீழே தெருக்குழாயில். ரமா, நீலா என்று இரண்டு பெண் குழந்தைகள். கனகவல்லி குடம் குடமாகத் தூக்கி மாடி ஏறுவாள். தொழிற்சாலைக் குடியிருப்பில் குவார்ட்டர்ஸ் கிடைத்தால் வீட்டுக்குள்ளேயே குழாய், நாள் முழுக்கத் தண்ணீர். உலகநாதனுக்கு அந்த வீட்டின் மேல் ஆசை வந்ததற்குக் காரணம் அவள் இடுப்பு வலிதான். அந்த மட்டில் அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பட்டியலில் அவன் இடம் முன்னூற்றுப் பதினேழு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறு. நெருக்கடி நிலைக் காலம். எந்தச் சுவரைப் பார்த்தாலும் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம். ஜூன் மாதம் நோட்டீஸ் போர்டில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள். இரண்டு குழந்தைகளோடு நிறுத்திக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட ஊழியருக்குக் குவார்ட்டர்ஸ் பட்டியலில் முன்னுரிமை என்றது அது. உலகநாதன் அதை இரண்டு தடவை படித்தான். ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும் என்றுதான் இருந்தது. மனைவியைக் கேட்டுக்கொண்டு செய்துகொள்ள வேண்டும் என்று எங்கேயும் இல்லை.

கேட்டால் அவள் நக்கோ என்றுதான் சொல்வாள். மூன்றாவதாக ஒன்று வேண்டும் என்று அவளுக்கு ரொம்ப நாளாக ஆசை. ஆணோ பெண்ணோ, இன்னும் ஒன்று. "ரெண்டு பேர் சண்டை போட்டா தீர்க்க ஒரு ஆள் வேணாமா?" என்பாள். அவளிடம் வாதாடி ஜெயிப்பதைவிடச் சொல்லாமல் முடிப்பது சுலபம் என்று உலகநாதன் தீர்மானித்தான். ஜூலை பத்தாம் தேதி, ஆபீசுக்குப் போகிறேன் என்று டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த முகாமுக்குப் போனான். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது.

வெளியே வரும்போது கம்பவுண்டர் மூன்று பொருள் கொடுத்தார். ஒன்று, ஆங்கிலத்தில் முத்திரையோடு சர்ட்டிபிகேட். இரண்டாவது, இளஞ்சிவப்பு நிறத்தில் தெலுங்கில் அச்சடித்த ஒரு காகிதம். மூன்றாவது, ஒரு பை நிறைய ஆணுறைப் பொட்டலங்கள். காகிதத்தை வீட்டில் போய் நிதானமாகப் படியுங்கள் என்று கம்பவுண்டர் தெலுங்கில் சொன்னார். படிக்கத் தெரியாது என்று சொல்லியிருந்தால் அரை நிமிஷத்தில் வாயாலேயே சொல்லியிருப்பார். சீனியர் அசிஸ்டென்ட் ஒருவன் கம்பவுண்டரிடம் போய் அப்படிச் சொல்வானா? தெரியும் என்கிற தோரணையில் "தெலுசு, தெலுசு" என்று தலையாட்டிவிட்டு நடந்தான். பொட்டலங்களைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பு வந்தது. குழாயையே அடைத்த பிறகு குடை எதற்கு, ஸ்டாக் தீர்க்கிறான்கள் என்று நினைத்துக்கொண்டான். ஸ்டோர்ஸில் வேலை பார்ப்பவனுக்கு அப்படித்தான் தோன்றும். பக்கத்து மேஜை பத்மநாபனுக்கு ஐந்து குழந்தைகள். பையை அப்படியே அவரிடம் தள்ளிவிட்டான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் நடையைப் பார்த்து கனகவல்லி பதறிப்போனாள்.

"கைக்கு இப்பிடி காலை அகட்டி நடக்குறீங்க?"

"பஸ்ல எறங்கும்போது படி தட்டிட்டு. ஒண்ணுமில்ல."

"எங்க அடி?"

"சொல்லக்கூடாத எடம். விடு."

அவள் விடவில்லை. ஒரு வாரம் உப்பு வறுத்துத் துணியில் கட்டி, வேட்டிக்கு மேலாகவே ஒத்தடம் கொடுத்தாள். கம்பெனி டிரைவரின் பரம்பரையைத் தெலுங்கிலும் உருதுவிலும் திட்டினாள். உலகநாதன் கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் வாங்கிக்கொண்டான்.

ஆகஸ்டு இரண்டாம் வாரம் குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது. "ஏழு பக்கம் மனு எழுதினேன். பெரிய ஆபீசரே அசந்துட்டார்" என்று சொன்னான். கனகவல்லி நம்பினாள். அவள் அத்தை மகன் ஜகதீசன், ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை, சாமான் ஏற்ற வந்தான். பீரோவை ஒற்றை ஆளாகத் தூக்கினான். புது வீட்டில் கனகவல்லி முதல் வேலையாகக் குழாயைத் திறந்து, தண்ணீர் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றாள். அப்புறம் புருஷனைப் பார்த்த பார்வையில் இருந்த பெருமை, உண்மையாகச் சம்பாதித்ததாக இருந்திருந்தால் ஆயுசுக்கும் போதும். அந்த மாதம் முழுக்க வீட்டில் ஒரே சந்தோஷம். எதற்கும் பயப்பட வேண்டியதில்லை என்று அவன் பயப்படாமலே இருந்தான்.

தீபாவளி முடிந்து நவம்பர் கடைசியில் ஒருநாள், அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கனகவல்லி சொன்னாள்.

"மூணு மாசம் ஆச்சு. டிஸ்பென்சரி டாக்டரம்மாவும் ஹவ்வுன்னுட்டாங்க."

"என்னது மூணு மாசம்?"

"என்னதுன்னா? நம்ம மூணாவது."

உலகநாதனுக்குச் சோறு புரை ஏறியது. அவள் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள். சந்தோஷத்தில் புரையேறியதாக நினைத்துச் சிரித்தாள். அவன் "சந்தோசம்" என்றான், ஃபைலில் குறிப்பு எழுதும் குரலில்.

பாத்ரூமுக்குள் போய் விரல் விட்டு எண்ணினான். ஆபரேஷன் ஜூலை பத்து. கரு தங்கியது ஆகஸ்டு கடைசி. நடுவில் ஏழு வாரம். சர்ட்டிபிகேட்டில் அரசாங்க முத்திரை இருக்கிறது, தேதி இருக்கிறது, டாக்டர் கையெழுத்து இருக்கிறது. அதனால் பொய் சொல்வது கனகவல்லி. இத்தனை சுத்தமான தர்க்கத்தை அவன் எந்த மனுவிலும் எழுதியதில்லை. கணக்கு முடிந்தது. பாத்ரூம் வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பதினொரு வருஷமாகக் கூட இருப்பவள். அவனுக்கு அழுகை வந்தது, அதையும் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுதான்.

நேரே கேட்டிருக்கலாம். கேட்டால் ஆபரேஷனைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் பஸ் படி, உப்பு ஒத்தடம், ஏழு பக்க மனு எல்லாம் வெளியே வரும். ஆகவே அவன் கேட்காமலே கண்டுபிடிக்கப் புறப்பட்டான்.

முதல் சந்தேகம் ராஜலிங்கத்தின் மேல். ராஜலிங்கம் என்பவர் ரெஜிமெண்டல் பஜாரில் வீடு வீடாகத் தெலுங்குப் பத்திரிகைகளை வாடகைக்குக் கொடுப்பவர். குவார்ட்டர்ஸுக்கு வந்த பிறகும் கனகவல்லி சனிக்கிழமைதோறும் அம்மா வீட்டுக்குப் போவது அவரிடம் புத்தகம் மாற்றத்தான். "ராஜலிங்கம் வர்ற நேரம், லேட்டாச்சு" என்று அவள் அவசரமாகத் தலை வாருவதை உலகநாதன் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். ராஜலிங்கத்தைத்தான் பார்த்ததில்லை. சுருட்டை முடி, பட்டு ஜிப்பா என்று மனசிலேயே ஒருவனைச் செய்து வைத்திருந்தான். ஒரு சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டு, மாமியார் வீட்டுக்கு எதிரே கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பின்னால் நின்று, ஒளிந்திருப்பதற்கு வாடகையாக நாலு கிளாஸ் ஜூஸ் குடித்தான். கடைசியில் ராஜலிங்கம் வந்தார். வயது அறுபத்தைந்துக்குக் குறையாது. சைக்கிளை ஓட்டத் தெம்பில்லாமல் தள்ளிக்கொண்டு வந்தார். படி ஏறுமுன் இரண்டு தடவை நின்று இருமினார். கனகவல்லி புத்தகத்தோடு அவருக்கு ஒரு டம்ளர் வெந்நீரும் கொண்டு வந்து கொடுத்தாள்.

வேறு எவனாக இருந்தாலும் அங்கேயே வெட்கப்பட்டு வீட்டுக்குப் போயிருப்பான். உலகநாதன் பட்டியலில் ஒரு பெயரை அடித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனான். ஜகதீசன். அத்தை மகன், முறைப் பையன், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. சாமான் ஏற்ற வந்தது ஆகஸ்டில். பீரோவை ஒற்றை ஆளாகத் தூக்கினானே என்பதே இப்போது ஒரு குற்றமாகத் தெரிந்தது.

இதற்குள் இன்னொரு சங்கதி நடந்துவிட்டது. முன்னுரிமை பெற்றவர்களின் பெயர்களை, காரணத்தோடு, நிர்வாகம் ஆகஸ்டிலேயே நோட்டீஸ் போர்டில் போட்டிருந்தது. அதாவது உலகநாதனின் ஆபரேஷன் தொழிற்சாலை முழுக்கத் தெரியும். தொழிற்சாலைக்குத் தெரிந்தால் குடியிருப்புக்குத் தெரியும். தெரியாத ஒரே ஆள் கனகவல்லி. ஜனவரியில் அவள் வயிறு வெளியே தெரிய ஆரம்பித்ததும், பால் பூத் வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் உலகநாதன் பாத்ரூமில் போட்ட கணக்கையே போட்டார்கள்.

"இந்த ஊர் பொம்பளைங்க என்னைப் பார்த்து கைக்கு சிரிக்குறாங்க?" என்று அவள் ஒருநாள் கேட்டாள். "நான் போனா பேச்சை நிறுத்திடுறாங்க. அந்த பத்மநாபன் வீட்டு ருக்மிணி, 'உங்க வீட்டுக்காரருக்கு சந்தோஷம்தானே'ன்னு கேட்டு வாயைப் பொத்திக்கிறா. நான் என்ன பண்ணேன்?"

"சும்மா பொறாமையா இருக்கும்" என்றான் உலகநாதன்.

எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். அவள் அவனை நம்பி வந்து கேட்கிறாள். அந்த இடத்தில் அவனை இரண்டு அறை விட யாருமில்லாமல் போனது பெரிய குறைதான். அதன்பிறகு அவள் பால் வாங்கப் போவதை நிறுத்திவிட்டு ரமாவை அனுப்பினாள்.

மார்ச் மாதம். ஏழு மாதம் முடிந்துவிட்டது. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போக வேண்டிய நேரம். போனால் அப்படியே இருந்துவிடட்டும், திரும்ப வரவேண்டாம் என்று சொல்லிவிட உலகநாதன் முடிவு செய்தான். வாயால் சொல்லத் தைரியம் இல்லை. வாயால் சொல்வதில் அவனுக்கு நம்பிக்கையும் இல்லை. ஆபீசில் உட்கார்ந்து மூன்று நாள் திருத்தித் திருத்தி எழுதினான். தமிழில்தான்; ஆனால் அவனுடைய மனுத் தமிழில். பொருள்: தங்கள் நடத்தை தொடர்பாக. பார்வை: டிஸ்பென்சரி டாக்டரின் நவம்பர் மாத வாய்மொழித் தகவல். கீழே எண் போட்டு ஆறு பத்தி. மேற்படி சூழ்நிலையில் தாங்கள் அளிக்க விரும்பும் விளக்கத்தை ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் அளிக்குமாறு கேட்டுக்கொண்டிருந்தான். இணைப்பு ஒன்று, சர்ட்டிபிகேட். இணைப்பு இரண்டு, இளஞ்சிவப்புக் காகிதம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்குத் தெரியாவிட்டாலும், அடியில் வட்ட முத்திரை இருந்தது. முத்திரை இருப்பதை விட்டுவைக்க அவனுக்கு மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குழந்தைகள் விளையாடப் போயிருந்தார்கள். கவரை அவள் கையில் கொடுத்துவிட்டுப் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டான்.

கனகவல்லி முதல் காகிதத்தை எடுத்து எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். "மேற்படி" வரை வந்தாள். அலுத்துப்போய், படிக்கச் சுலபமாக இருந்த தெலுங்குக் காகிதத்தை எடுத்தாள். அதை முழுக்கப் படித்தாள். அப்புறம் ஆங்கிலச் சர்ட்டிபிகேட்டில் அவன் பெயரையும் தேதியையும் பார்த்தாள். மறுபடி தெலுங்குக் காகிதம்.

"நீங்க ஆபரேஷன் பண்ணிக்கிட்டீங்களா?"

பேப்பர் இன்னும் கொஞ்சம் மேலே உயர்ந்தது.

"பஸ் படி இதுதானா?"

"அதெல்லாம் பொறவு பேசலாம். லெட்டருக்கு நீ என்ன சொல்லுத?"

அவள் மறுபடி அவன் கடிதத்தை எடுத்தாள். இந்தத் தடவை விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். ஆறு பத்தியும் படித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அந்தக் கால் மணி நேரமும் உலகநாதன் ஒரே சிமெண்ட் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்த ரோஸ் காகிதத்தை நீங்க படிச்சீங்களா?"

"அது தெலுங்குல்லா."

"அதான் கேட்டேன். படிச்சீங்களா?"

"இல்ல."

"நான் படிக்கிறேன், கேளுங்க." அவள் தெலுங்கைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொன்னாள். அவள் குரல் உயரவில்லை. "ஆபரேஷன் முடிஞ்ச உடனே பலன் வராது. ஏற்கெனவே உள்ளே இருக்கிறது போக மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் மனைவி கர்ப்பம் ஆகலாம். அதனால கொடுத்திருக்கிற உறையை மூணு மாசம் கட்டாயம் உபயோகிக்கணும். மூணு மாசம் கழிச்சு வந்து டெஸ்ட் பண்ணிக்கணும். கீழ முத்திரை."

உலகநாதன் பேப்பரை இறக்கினான். பத்மநாபன் மேஜைக்குப் போன பை ஞாபகம் வந்தது.

"யாருன்னு நினைச்சீங்க?" என்று கேட்டாள்.

"கனகு..."

"யாருன்னு நினைச்சீங்க? இந்த நாலு மாசம். பேர் சொல்லுங்க."

"விடு கனகு. தப்பு எம்மேலதான்."

"பேர்."

அவன் முனகினான். "ஜகதீசன்."

"அவன் என் தம்பி மாதிரி. அப்புறம்?"

"புஸ்தகக்காரர்."

கனகவல்லி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவன் பிழைத்திருப்பான். "ராஜலிங்கம் தாத்தாவையா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு ஏதோ புரிந்தவளாகச் சர்ட்டிபிகேட்டைத் திருப்பிப் பார்த்தாள். "இது ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியுமா? பால் பூத்துல சிரிச்சாங்களே, இதுக்குத்தானா? நான் உங்களை வந்து கேட்டேனே. அப்பவும் உங்களுக்குத் தெரியும்."

உலகநாதன் தலை குனிந்தான். ஆனால் அவன் மூளை, அந்தப் பாழாய்ப்போன மூளை, அந்த நேரத்திலும் சும்மா இருக்கவில்லை. கர்ப்பம் ஆகலாம் என்றுதான் காகிதம் சொல்கிறது, ஆகும் என்று சொல்லவில்லை. "இப்பம் போய் டெஸ்ட் பண்ணினா எல்லாம் தெளிவாயிரும்" என்று சொல்லிவிட்டான்.

அவள் காகிதங்களை மடித்துக் கவருக்குள் வைத்தாள்.

"இப்போ பண்ணா என்ன தெரியும்? ஆபரேஷன் ஆகி எட்டு மாசம் ஆச்சு. ஒண்ணுமில்லைன்னு வரும். அது ஆகஸ்டுல இருந்துச்சா இல்லையான்னு எந்த டாக்டர் எழுதிக் கொடுப்பான்? உங்ககிட்ட இனிமே காகிதம் எதுவும் இல்ல. நான்தான் இருக்கேன். நானும் சத்தியம் பண்ண மாட்டேன். கேட்டீங்கன்னா அதோட சரி."

அன்றே இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் புறப்பட்டாள். குழந்தைகள் இன்னும் பழைய செகந்திராபாத் பள்ளிக்கூடத்திலேயே படித்துக்கொண்டிருந்ததால் அதற்குச் சிக்கல் இல்லை. பார்க்கிறவர்களுக்குப் பிரசவத்துக்குப் போகிறாள், அவ்வளவுதான். வாசலில் செருப்பை மாட்டும்போது, "திரும்பி வருவேனா இல்லையான்னு குழந்தை பொறந்ததும் சொல்றேன்" என்றாள்.

உலகநாதனுக்கு இப்போது குவார்ட்டர்ஸ் இருந்தது, இருபத்துநான்கு மணி நேரமும் தண்ணீர் இருந்தது, குளிக்க ஒரே ஓர் ஆள் இருந்தான். ஒரு வாரம் அவன் மன்னிப்பு மனு எழுதினான். நல்ல மனுதான். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது, கனகவல்லி விரல் வைத்துப் படித்த அந்தக் கால் மணி நேரம் கண் முன்னால் வந்தது. கிழித்துப் போட்டான். அவளுக்கு மனு வேண்டியதில்லை என்று புரிந்தது. பால் பூத்துக்குத்தான் மனு வேண்டும்.

மறுநாள் ஸ்டோர்ஸ் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்து ஆங்கிலத்தில் ஒரு பக்கம் அடித்தான். தெலுங்கில் எழுதித் தரச் சொல்லிப் பக்கத்துப் பிரிவு நண்பரைக் கேட்டான். தமிழில் தன் கையாலேயே எழுதினான். 'இதனால் சகலருக்கும் தெரிவிப்பது. எனக்குத் தெலுங்கு படிக்கத் தெரியாது. தெரியும் என்று பொய் சொன்னேன். ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று மாதம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று எனக்குக் கொடுத்த காகிதத்தில் இருந்தது. நான் அதைப் படிக்காமல், கொடுத்த உறைகளையும் தானம் செய்துவிட்டேன். என் மனைவியிடம் ஆபரேஷனையே மறைத்தேன். அவளைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டியதில்லை. சிரிப்பதானால் ஸ்டோர்ஸ் பிரிவில் என்னை எந்த நேரமும் நேரில் காணலாம்.' கீழே பெயர், ஊழியர் எண், கையெழுத்து. ஒன்றைக் கேண்டீனில் ஒட்டினான், ஒன்றைப் பஸ் நிறுத்தத்தில், ஒன்றைப் பால் பூத்தில்.

வந்தார்கள். நிஜமாகவே நேரில் காண வந்தார்கள். வார்ப்படப் பிரிவிலிருந்துகூட வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். செகந்திராபாத் போகக் கம்பெனி பஸ்ஸில் அவன் ஏறினால், "மூணு மாசம் தள்ளி உட்காருங்கய்யா" என்று யாராவது சொல்வார்கள், பஸ்ஸே சிரிக்கும். பத்மநாபன் மட்டும் சிரிக்காமல் கிட்ட வந்து, "உலகு சார், அந்தப் பை எங்க வீட்டுல ரொம்ப உபயோகமா இருந்துது" என்று ரகசியமாகச் சொன்னார். மனு எழுதிக்கொடுக்கச் சொல்லி வருவது சுத்தமாக நின்றுபோனது. உலகநாதனுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. இருந்தும் மூன்று காகிதங்களையும் வெயிலில் வெளுத்துப் போகும்வரை கிழிக்கவில்லை. ஒன்றை யாரோ கிழித்தபோது புதிதாக எழுதி ஒட்டினான்.

ருக்மிணி செகந்திராபாத் போய் கனகவல்லியைப் பார்த்து, கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாளாம். நோட்டீஸ் விஷயத்தையும் சொன்னாளாம். ஞாயிற்றுக்கிழமைகளில் உலகநாதன் மாமியார் வீட்டுக்குப் போவான். காப்பி வரும். கனகவல்லி உள் அறையிலிருந்து, "அப்பாவுக்கு சர்க்கரை போதுமான்னு கேளு" என்று நீலாவிடம் சொல்வாள். நோட்டீஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பி வருவதைப் பற்றியும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. பஸ் பிடித்து வந்து, பூட்டிக் கிடந்த வீட்டைத் திறப்பான்.

மே மாதக் கடைசியில் ஆபீசுக்கு போன் வந்தது. பெண் குழந்தை, இருவரும் சுகம் என்று ஜகதீசன்தான் சொன்னான். உலகநாதன் அவனுக்கு இரண்டு தடவை நன்றி சொன்னான். பாதி வழி பஸ், பாதி வழி ஆட்டோ என்று ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

வார்டில் காலை வெயில் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. கனகவல்லி தலையணையில் சாய்ந்து படுத்திருந்தாள். பக்கத்தில் துணியில் சுற்றிய குழந்தை. அவள் அம்மா சொம்பை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

"பாருங்க" என்றாள் கனகவல்லி.

அவன் குனிந்தான். அவள் குழந்தையைப் பார்க்கவில்லை, அவன் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அவனுக்குத் தெரிந்தது. மூக்கைத் தேடுகிறானா, காதைத் தேடுகிறானா, எங்கே நிற்கிறது அந்தக் கண் என்று பார்க்கிறாள். தேடக்கூடாது என்று நினைக்க நினைக்க அவன் கண் தேடத்தான் செய்தது. அவன் அம்மாவின் மோவாய் இல்லை. அவனுடைய அகல நெற்றி இல்லை. ரமாவுக்கும் நீலாவுக்கும் பிறந்தபோதே இருந்த அவன் வீட்டு ஒட்டக் காது இதற்கு இல்லவே இல்லை. குழந்தை கொட்டாவி விட்டது. அவன் விரல் பட்டதும் பிடித்துக்கொண்டது. பிடி பலமாக இருந்தது.

"உன்ன மாதிரி இருக்கு" என்றான்.

"என்னை மாதிரி மட்டும் இருந்தா போதுமா?"

அவன் விரலை இழுத்துக்கொள்ளாமல் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் முகத்தில் சத்தியமும் இல்லை, சமாதானமும் இல்லை; காத்துக்கொண்டிருந்தாள்.

"போதும்" என்றான் உலகநாதன்.

கனகவல்லி குழந்தையைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டு, கட்டிலில் அவன் உட்கார இடம் விட்டாள்.